நல்லா எரியற ஒயரு

பல்லடம் ரோட்டில் அந்த ஐந்து மாடிக் கட்டடத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு வாயில் நல்ல வார்த்தை வராது. பஸ்ஸில் பக்கத்தில் பெண்பிள்ளைகள் இருந்தால் மனசுக்குள் திட்டிக்கொள்வேன், இல்லாவிட்டால் வெளியிலேயே திட்டிவிடுவேன். தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஆடி மாசத்தில் நடந்ததை எழுதப் போகிறேன். எழுதுவது என் தொழில்தான். தாலுகா ஆபீஸ் காம்பவுண்டு ஓரத்தில் இருபது வருஷமாக மனு எழுதிப் பிழைக்கிறேன். மனுவில் கோபப்படக் கூடாது. 'உயர்திரு' என்று ஆரம்பித்துப் 'பணிவன்புடன்' என்று முடிக்க வேண்டும். இது மனு இல்லை.

நொய்யலுக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் லைன் வீடு. ஆறு வாசல், ஒரே ஓட்டுக் கூரை, பின்னால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி. முதல் வாசல் நான். இரண்டாவது வாசல் அங்கமுத்து, சாமளாபுரத்துக்காரர். அங்கே தறி மோட்டார் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒயர்மேன் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு திருப்பூருக்கு வந்தார். மனைவி வேலாத்தாளுக்கு மூலனூர்ப் பக்கம். அவள் அண்ணன் பஸ்ஸில் போட்டுவிடும் முருங்கைக்காய்க் கட்டு மாதம் ரெண்டு தரம் வரும். அன்றைக்கு ஆறு வீட்டிலும் முருங்கைக்காய்க் குழம்புதான். ஒரே மகள் சாமியாத்தாள், பத்தொன்பது வயசு. நான்காவது வாசலில் உசிலம்பட்டியிலிருந்து வந்த சீனிச்சாமியும் அவன் மனைவி ஒச்சாயியும். அவன் சாயப்பட்டறையில் வேலை செய்தான். அவளும் சாமியாத்தாளும் அந்த ஐந்து மாடிக் கம்பெனியின் மூன்றாவது மாடியில் பனியன் செக்கிங்.

கம்பெனி அப்போதுதான் புதுக் கட்டடத்துக்குள் போயிருந்தது. பனியன் வாங்குகிற வெளிநாட்டுப் பையர் வந்து பார்த்துவிட்டு, கட்டடம் இப்படி இப்படி இருந்தால்தான் ஆர்டர் என்று சொல்லிவிட்டானாம். அதனால் கட்டடம் முழுவதையும் ஒரு கம்ப்யூட்டரில் கட்டிப் போட்டார்கள். கீழே ஒரு கண்ணாடி ரூம். அங்கே உட்கார்ந்துகொண்டே எந்த மாடியில் ஏசி ஓடுகிறது, எங்கே விளக்கு எரிகிறது, எங்கே புகை கிளம்புகிறது என்று பார்க்கலாம். புகை வந்தால் கம்ப்யூட்டரே ஏசிக் காற்றை நிறுத்தி மணியடிக்கும். இதற்கெல்லாம் மாடிக்கு மாடி சாம்பல் நிறத்தில் ஒல்லியான கண்ட்ரோல் கேபிள் இழுக்க வேண்டும். அதுவும் சாதாரணக் கேபிள் ஆகாது. தீப் பிடித்தாலும் புகை அதிகம் வராத கேபிளாக இருக்க வேண்டும் என்று பையர் எழுதியே கொடுத்திருந்தான். கேபிள் வேலையைக் காண்ட்ராக்ட் எடுத்தவன் மணியன் என்கிற இன்ஜினியர். அவனிடம் தலைமை ஒயர்மேன் எங்கள் அங்கமுத்து.

அங்கமுத்துவுக்கு அந்த வேலையில் அப்படி ஒரு பெருமை. பொழுதோட வந்து குளித்துவிட்டு வாசலில் உட்கார்ந்தால் கேபிள் பேச்சுத்தான்.

"சாதா ஒயரு எரிஞ்சா மனுசன் தீயில சாகமாட்டானுங்க, அர்த்தநாரிண்ணா. அதுக்கு முந்தியே பொகையில செத்துருவான். இது அப்படியில்லீங்க. தீய வெச்சாலும் கருகிட்டு நின்னுக்கும். பொகையே வராதுங்க. கேபிள் மேலயே எழுதியிருக்குது, லோ ஸ்மோக்குன்னு."

"உங்களுக்கு இங்கிலீசு படிக்க வருமா அங்கமுத்து?"

"கேபிள்ல இருக்கிற இங்கிலீசு மட்டும் வருமுங்க" என்று சிரிப்பார்.

ஒயர்மேன்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு, வெளியாட்களுக்குத் தெரிந்திருக்காது. கேபிள் இழுத்து முடித்து, பெட்டிக்குள் இணைப்புக் கொடுத்த பிறகு, மிச்சம் வெட்டி விழுகிற துண்டெல்லாம் ஒயர்மேனுக்கு. எந்தக் காண்ட்ராக்டரும் கேட்க மாட்டான். காகிதத்தில் அது கம்பெனிப் பொருள்தான், ஆனால் வாய்ப்பேச்சில் ஒயர்மேன் பொருள். கூலியில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்துவிட்டு, 'துண்டு உனக்குத்தானப்பா' என்று சொல்லுகிற சாமர்த்தியம் எல்லாக் காண்ட்ராக்டருக்கும் உண்டு. அங்கமுத்து அந்தத் துண்டுகளை உரச் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார். ஞாயிற்றுக்கிழமை வெடியால வேலாத்தாள் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் மூன்று கல் கூட்டி, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒயரை எரிப்பாள். மேல்தோல் எரிந்து போனால் உள்ளே செம்புக்கம்பி. அதை உதறிச் சுருட்டிப் பழைய இரும்புக் கடையில் போட்டால் வாரக் காய்கறிக்கு ஆகும்.

பங்குனி மாசம் முழுக்க அவளுக்கு அந்த அடுப்பில் எரிச்சல்தான்.

"ஏனுங்க, இதென்ன கெரகம் புடிச்ச ஒயருங்க? ஒரு கட்டு வெறகு தின்னும் எரியமாட்டேங்குது. வெள்ளையா நூலாட்டம் சித்தெ பொகையுது, அப்பறம் அணைஞ்சு போவுது. பழைய ஒயரா இருந்தா இந்நேரம் கம்பி எடுத்துருப்பன்."

"அது அப்படித்தான் புள்ளே. அதான் அதோட வெசேசமே."

"உங்க வெசேசத்தக் கொண்டி ஆத்துல போடுங்க. என்ற வெறகு போச்சு."

எரியாத துண்டுகளைக் கழுத்து வலிக்கக் கத்தியால் சீவிப் பார்த்தாள். முடியவில்லை. அதில் நீளமான ஒன்றை எடுத்துத் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே இழுத்துக் கட்டித் துணிக்கொடி ஆக்கிவிட்டாள். ஆறு வீட்டுச் சேலையும் அதில்தான் காய்ந்தது.

சித்திரை பாதிக்கு மேல் அவள் எரிச்சல் நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் வேலை முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"இந்த வாரத்து ஒயரு நல்லா எரியுதுங்க. வெச்சதும் பத்திக்கிச்சு" என்று புருஷனிடம் சொன்னாள். நான் என் வாசலில் உட்கார்ந்து அதைக் கேட்டேன். அங்கமுத்து சவரம் பண்ணிக்கொண்டிருந்தார்.

"அப்படியா? நல்லதாப் போச்சு" என்றார்.

கறுப்பாகப் புகை கிளம்பி ஓட்டுக்கு மேலே போனது. ஒச்சாயி இருமிக்கொண்டே வெளியே வந்தாள்.

"யக்கா, உங்க ஒயரு புகையில எங்க வீட்டு ரசமே கசக்குது. கொஞ்சம் அங்கிட்டுப் போய்த்தான் எரியுங்களேன்."

"நாளைக்கு முருங்கைக்காயி குடுக்கறன் ஒச்சாயி. சித்தெ பொறுத்துக்க."

"முருங்கைக்கா குடுத்தே என் வாய அடைச்சிருவீக" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு ஞாயிறு அந்தக் கறுப்புப் புகை வந்தது. எங்கள் நாலு பேரில் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. புகை வராத கேபிள் என்று தினமும் பேசிய மனிதர், அந்தப் புகையில் உட்கார்ந்து சவரம் பண்ணினார். மனு எழுதுகிற நான், பெரிய படிப்பாளி, பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். இதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஆடி பதினொன்று, திங்கட்கிழமை. பாலக்காட்டுக் காற்று ஊரையே பிய்த்துக்கொண்டிருந்தது. மூன்று மணி டீக்கு முன்னால், ஒயர்கள் மாடிக்கு மாடி ஏறிப்போகிற சந்தில் பொறி விழுந்திருக்கிறது. பனியன் கம்பெனியில் பஞ்சுத்தூசி படியாத இடமில்லை. தூசி பற்றி, கேபிள் பற்றிக்கொண்டது. தீ பெரிசில்லை. ரெண்டு குடம் தண்ணீரில் அணைக்கிற தீ என்று பிறகு சொன்னார்கள். ஆனால் புகையைச் சொல்ல வேண்டிய ஒயரே முதலில் எரிந்துபோனது. கீழே கண்ணாடி ரூமில் கம்ப்யூட்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பச்சை விளக்குக் காட்டியது. ஏசி நிற்கவில்லை. அது அந்தக் கறுப்புப் புகையை உறிஞ்சி மூன்றாவது மாடி ஹாலுக்குள் ஊதிக்கொண்டே இருந்தது. ஏசி குளிர் போகக் கூடாதென்று ஜன்னலெல்லாம் ஆணியடித்து அடைத்திருந்தார்கள். ஹாலில் நாற்பது பெண்கள்.

ஒச்சாயி ரெண்டு பேரை மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு வந்து விட்டிருக்கிறாள். அதில் ஒருத்தி சாமியாத்தாள். மூன்றாவது ஆளுக்காகத் திரும்பிப் போன ஒச்சாயி மட்டும் வரவில்லை. உடம்பில் ஒரு தீக்காயம் கிடையாது, சேலையில் ஒரு பொட்டுக் கருகல் கிடையாது. மூக்கிலும் வாயிலும் மட்டும் கறுப்பு.

சாமியாத்தாளைக் கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தப்பியது, தொண்டை போய்விட்டது.

மறுநாள் சீனிச்சாமி மனைவியைப் புதைத்துவிட்டு நேராக இரண்டாவது வாசலுக்கு வந்தான். தலையில் ஊற்றிய தண்ணீர் காயவில்லை.

"ஏன்யா அங்கமுத்து, வெளிய வாய்யா. புகை வராத ஒயரு, புகை வராத ஒயருன்னு அம்புட்டு நாளாப் பேசினியே. எம் பொண்டாட்டி மூக்குல என்னய்யா இருந்துச்சு? மையா?"

அங்கமுத்து வெளியே வந்து நின்றார். சீனிச்சாமி அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினான். நானும் இன்னும் ரெண்டு பேரும் விலக்கிவிட்டோம். அன்றைக்குச் சாயங்காலமே போலீஸ் ஜீப் வந்து அங்கமுத்துவை ஏற்றிக்கொண்டு போனது. மணியன் புகார் கொடுத்திருந்தான். 'நான் உயர்ந்த ரகக் கேபிள் வாங்கிக் கொடுத்தேன், பில் இருக்கிறது. ஒயர்மேன் அங்கமுத்து அதைத் திருடி விற்றுவிட்டு மட்டமான ஒயரை இழுத்துவிட்டான். துண்டு ஒயரைச் சாக்குச் சாக்காக வீட்டுக்குக் கொண்டுபோனதைப் பார்த்த சாட்சி இருக்கிறது.' கம்பெனி முதலாளியும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

மூன்றாம் நாள் நான் கம்பெனிப் பக்கம் போய்ப் பார்த்தேன். லாரியில் எதையோ ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 'பாதுகாப்புக்காக' ஐந்து மாடியிலும் இருந்த அத்தனை கேபிளையும் உருவி எடுத்துவிட்டார்களாம். எங்கே போகிறது என்று டிரைவரைக் கேட்டேன். "குப்பைக்குங்க" என்றான். மூன்று நாளில் ஒரு சாட்சியைக் குப்பைக்கு அனுப்புகிற வேகம் இவர்களுக்கு இருக்கிறது. மணியடிக்கிற வேகம் மட்டும்தான் இல்லை.

வேலாத்தாளைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கமுத்து கம்பிக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கன்னம் வீங்கியிருந்தது.

"புள்ளே, பொறத்தாண்ட ஒரு சாக்கு ஒயரு கெடக்குது" என்றார் மெதுவாக. "இன்னிக்கே கொண்டி ஆத்துல போட்டுரு. கொடியையும் அறுத்துப் போடு. ஊட்டுல வந்து பாத்தாங்கன்னா திருட்டுக்கு அதே சாட்சியாயிரும்."

"நீங்க திருடுனீங்களா?"

"தொட்டிருந்தன்னா என்ற கையி அழுகிப் போவட்டும். அவன் குடுத்த ரோலத்தான் இழுத்தன். எல்லாத்துலயும் ஒரே எழுத்துத்தான் இருந்துச்சு. ஆனா துண்டு எடுத்தனே. அதத் திருட்டுங்கறாங்களே."

நானும் அவரோடு சேர்ந்துகொண்டேன். அதை மறைத்து எழுத எனக்கு மனசில்லை. "அவர் சொல்றதுதான் சரி வேலாத்தா. சாக்க ஆத்துல போட்டுட்டு வா. நான் கலெக்டருக்குக் கருணை மனு ஒண்ணு எழுதறேன். குடும்பக் கஷ்டத்தச் சொல்லிக் கேட்டுப் பாக்கலாம்" என்றேன்.

அங்கிருந்து கோயமுத்தூர் பஸ் ஏறினோம். ஆஸ்பத்திரியில் சாமியாத்தாள் மூக்கில் குழாயோடு கிடந்தாள். தாயைப் பார்த்ததும் கையால் பக்கத்தில் வரச் சொன்னாள். குரல் இல்லை, காற்று மட்டும் வந்தது. வேலாத்தாள் காதை அவள் வாயில் வைத்துக் கேட்டாள். கேட்டவள் அப்படியே கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா சொல்றா?" என்று பயந்து கேட்டேன்.

"அம்மா, நம்மூட்டு ஞாயித்துக்கெழமப் பொகை அம்மாங்கறாளுங்க. பொகை வந்தொடனே, அம்மா எங்கியோ ஒயரு எரிக்கறான்னு நெனச்சாளாமுங்க."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. திரும்பி வருகிற வழியெல்லாம் வேலாத்தாள் பஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தாள்.

"பங்குனியில எரியல. சித்தரையில எரிஞ்சுது. நல்லா எரியுதுன்னு சொன்னவ நானு. சந்தோசமாச் சொன்னனுங்களே. வெறகு மிச்சமுன்னு சந்தோசப்பட்டனே, அர்த்தநாரிண்ணா. ஒயர மாத்தீட்டாங்கன்னு எனக்கல்லோ மொதல்ல தெரிஞ்சிருக்குது. தெரிஞ்சும் தெரியாத முண்டமா இருந்துட்டனே."

வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் பின்பக்கம் போனாள். துணிக்கொடியிலிருந்த துணிகளை உருவித் தொட்டி மேல் போட்டாள். அரிவாளால் கொடியை ரெண்டு பக்கமும் அறுத்தாள். சாக்கை அவிழ்த்து ஒரு நீளத் துண்டை எடுத்தாள். ரெண்டையும் என் முன்னால் நீட்டினாள்.

"படிங்க. இது கொடி, பங்குனி மாசத்தது. இது போன வாரத்தது. ரெண்டுலயும் என்ன எழுதியிருக்குது?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். ரெண்டிலும் அடிக்கு ஒரு தரம் அதே வெள்ளை எழுத்து. லோ ஸ்மோக்.

"ஒரே எழுத்துங்களா?"

"ஒரே எழுத்துத்தான்."

"என்ற ஊட்டுக்காரரு திருடி மாத்தியிருந்தா, மட்ட ஒயரு மேல இந்த எழுத்த ஆரு அடிச்சாங்க? அவருகிட்ட எழுத்தடிக்கற மிசின் இருக்குதுங்களா? இது வரும்போதே இப்படித்தான வந்திருக்குது?"

இருபது வருஷம் மனு எழுதிய எனக்கு அது தோன்றவில்லை. கட்டடத்தில் எரிந்த கேபிளில் எழுத்தும் எரிந்துபோனது, எரியாததை லாரியில் ஏற்றிவிட்டார்கள். எழுத்தோடு மிச்சமிருப்பது இந்தச் சாக்கு மட்டும்தான். ஆனால் இந்தச் சாக்கை வெளியே எடுத்தால், கம்பெனிப் பொருள் எங்கள் வீட்டில் இருந்தது என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். இதை அவளிடம் சொன்னேன்.

"அதுக்கு?" என்றாள்.

"உன் வீட்டுக்காரருக்குத் திருட்டுக் கேசு உறுதியாயிரும்மா. லைசென்ஸ் போயிரும். அப்பறம் ஒயரத் தொட முடியாது."

"தொட வேண்டாமுங்க" என்றாள். "அவரு மட்டும் தொட்டு என்னத்தக் கிழிச்சாரு? பொகையில உக்காந்து மொகம் வழிச்சாரு."

பிறகு அவள் செய்ததுதான் எனக்கு இன்றைக்கும் நம்ப முடியாதது. நேராக நான்காவது வாசலுக்குப் போனாள். சீனிச்சாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மூன்று நாளாகச் சோறு பொங்காத வீடு. அவனுக்கு முன்னால் அந்த ரெண்டு துண்டையும் போட்டாள்.

"சீனிச்சாமி, உன்ற பொண்டாட்டி இங்க வந்து நின்னு, அங்கிட்டுப் போய் எரின்னு சொன்னா. நானு முருங்கைக்காய் குடுக்கறன்னு சொல்லி அவ வாய அடைச்சன். அந்தப் பொகைதான் அவளக் கொன்னுது. ஒயரு மாறுனது எனக்குத் தெரிஞ்சிருக்கோணும், தெரியல. நீ என்னைய அடிக்கறதுன்னா அடிச்சுக்க. அடிச்சுப்போட்டு எங்கூட வா."

அவன் அந்தத் துண்டுகளைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தான். பிறகு எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான்.

"எங்கிட்டு வரணும்யக்கா?" என்றான்.

தீ விபத்து பற்றிய சர்க்கார் விசாரணை வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு. அதை வைத்த இடத்தைக் கேட்டால் வயிறு எரியும். அதே கட்டடத்தின் தரைத்தளம், முதலாளியின் ஏசி மீட்டிங் ஹால். பெரிய கண்ணாடி மேஜை, தட்டில் முந்திரிப்பருப்பு. விசாரணை அதிகாரி நடுவில், ஒரு பக்கம் முதலாளி, மறுபக்கம் மணியன். மூலையில் பையரின் ஆள், பெங்களூரிலிருந்து வந்தவன், ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். நாங்கள் மூன்று பேரும் கதவோரம் நிறுத்தப்பட்டோம். சாக்கு சீனிச்சாமி தோளில் இருந்தது. வாட்ச்மேன் நல்லான் அதைத் திறந்து பார்த்துவிட்டு, அப்படியே கட்டி உள்ளே விட்டான். அவன் அண்ணன் மகளும் அந்த மூன்றாவது மாடிதான்.

மணியன் பில்லைக் காட்டினான். கேபிள் கம்பெனி கொடுத்த சர்ட்டிபிகேட்டைக் காட்டினான். "நான் சொல்றத நம்ப வேண்டாம் சார், பேப்பரப் பாருங்க" என்றான். அதிகாரி பேப்பரைப் பார்த்துக்கொண்டே முந்திரி தின்றார்.

"நீதான் அங்கமுத்து சம்சாரமா? என்னம்மா சொல்லணும்?"

"சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க. ஒரு ஞாயித்துக்கெழம வேலை இருக்குதுங்க. அத இங்க செஞ்சு காட்டீட்டுப் போயர்றன்."

அவர்களுக்குப் புரிவதற்குள் சாக்கிலிருந்து ஒரு இரும்புச் சட்டியை எடுத்துக் கண்ணாடி மேஜை மேல் வைத்தாள். மண்ணெண்ணெய் நனைத்த துணி உருண்டையை அதில் போட்டாள். கொடியில் அறுத்த துண்டை எல்லோருக்கும் காட்டினாள்.

"இதுல என்ன எழுதியிருக்குதுன்னு படிங்க சாமி."

"லோ ஸ்மோக்" என்று பையரின் ஆள் எழுந்து வந்து படித்தான்.

தீக்குச்சி கிழித்தாள். முதலாளி "ஏய்" என்றார். துணி பற்றியது. துண்டை அதன் மேல் வைத்தாள். துண்டு கருகியது, வெள்ளையாக மெல்லிசாய்ப் புகைந்தது. துணி எரிந்து முடிந்ததும் அணைந்து போனது. யாரும் இருமக்கூட இல்லை.

மணியன் சிரித்தான். "பாத்தீங்களா சார்? இதான் நான் சப்ளை பண்ணுன கேபிள்."

"ஆமாங்க, நீங்க குடுத்ததுதானுங்க" என்றாள் வேலாத்தாள். "இதும் நீங்க குடுத்ததுதானுங்க. படிங்க சாமி."

சாக்கிலிருந்து ரெண்டாவது துண்டு. பையரின் ஆள் அதையும் படித்தான். அதே எழுத்து. அவன் முகம் மாறியது. மணியன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். அதற்குள் சீனிச்சாமி கதவைச் சாத்தி, முதுகை அதில் வைத்து நின்றுவிட்டான்.

வைத்ததும் பற்றிக்கொண்டது. ஒரு சாண் துண்டுதான். கறுப்புப் புகை குபுகுபுவென்று எழும்பி ஏசிக் காற்றில் சுழன்று மேஜை மேல் இறங்கியது. அதிகாரி இருமினார். முதலாளி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவுக்கு ஓடினார். மணியன் அவரையும் தள்ளிக்கொண்டு ஓடினான்.

"கதவத் தொறடா!"

"கொஞ்சம் இருங்கய்யா" என்றான் சீனிச்சாமி. அவன் கண்ணிலும் தண்ணீர் கொட்டியது. "எம் பொண்டாட்டி இருந்தால்ல. நீங்களும் கொஞ்சம் இருங்க."

எனக்கு மூச்சு அடைத்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. வேலாத்தாள் குரல் மட்டும் கேட்டது. மூக்கில் துண்டுகூடக் கட்டாமல் சட்டிக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"ஒரு சாணுக்கே இப்படி ஓடறீங்களே! மேல எத்தன ரோல் இழுக்க வெச்சீங்க? நாப்பது பொம்பளைங்க, ஜன்னலுக்கு ஆணி! நாங்க துண்டு ஒயரு எடுத்தமுங்க. திருட்டுன்னே எழுதிக்கங்க, நானு கையெழுத்துப் போடறன். ஒச்சாயிய எடுத்தது ஆரு? என்ற புள்ள தொண்டைய எடுத்தது ஆரு? அதையும் அதுக்குக் கீழயே எழுதுங்க!"

சீனிச்சாமி கதவைத் திறந்துவிட்டான். எல்லோரும் ஒட்டுக்கா வராண்டாவில் போய் விழுந்தார்கள். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அவள் சொன்னபடியே அதிகாரி எழுதிக்கொண்டார். வேலாத்தாள் தன் பெயரை எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். சாக்குக்கு அரக்கு முத்திரை வைத்தார்கள். கேபிளை மாற்றிய கேஸ் அங்கமுத்து மேலிருந்து மணியன் மேல் போனது. துண்டு ஒயர் திருடிய கேஸ் அங்கமுத்து மேலேயே நின்றது. லைசென்ஸ் போயிற்று. மணியன் எட்டே நாளில் ஜாமீனில் வந்தான், இப்போது வேறு ஊரில் வேறு பெயரில் காண்ட்ராக்ட் எடுக்கிறான் என்று கேள்வி. முதலாளிக்குத் தெரிந்தே நடந்ததா என்ற கேள்வியை யாரும் கேட்கவேயில்லை. தை மாசம் கட்டடத்தைத் திறந்து, வாசலில் வாழைமரம் கட்டினார்கள். அந்த வாழைமரத்தைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

அங்கமுத்து மறுபடி சாமளாபுரத்துக்குத் தறி மோட்டார் பார்க்கப் போய்வருகிறார். அதிகம் பேசுவதில்லை. சாமியாத்தாளுக்குக் குரல் திரும்பவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து பனியனுக்குப் பிசிறு வெட்டுகிறாள். யாராவது அடுப்புப் பற்றவைத்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள். வேலாத்தாள் ஒயர் எரிப்பதை விட்டுவிட்டாள். தொட்டிக்குப் பக்கத்தில் அந்த மூன்று கல் மட்டும் கிடந்தது.

அடுத்த வருஷம் மாசி மாசத்தில் ஒரு நாள், காலை ஒன்பது மணி இருக்கும், அழகுமலை என்று ஒரு ஒயர்மேன் எங்கள் லைனைத் தேடிக்கொண்டு வந்தான். சீனிச்சாமி ஊர்க்காரன். அவிநாசி ரோட்டில் புதிதாகக் கட்டுகிற ஆறு மாடிக் கம்பெனி ஒன்றில் கேபிள் இழுக்கிறானாம். சட்டைக்குள்ளிருந்து ஒரு சாண் சாம்பல் நிறத் துண்டை எடுத்து வேலாத்தாளிடம் கொடுத்தான்.

"யக்கா, எழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா நீங்க எரிச்சுப் பாத்தாத்தான் தெரியும்னாக. மூணு நாளா மனசே சரியில்ல. அங்கிட்டு எரநூறு பிள்ளைக வேலைக்கு வரப்போகுதுக."

அவள் மகளைப் பார்த்தாள். சாமியாத்தாள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத் தெருப்பக்கம் போனாள். வேலாத்தாள் மூன்று கல்லையும் கூட்டினாள். ரெண்டு சுள்ளி வைத்துப் பற்றவைத்து, துண்டை அதன் மேல் போட்டாள்.

வைத்ததும் பற்றிக்கொண்டது. கறுப்பாக எழும்பி எங்கள் ஓட்டுக்கு மேலே போனது.

அழகுமலை தலையில் கைவைத்து உட்கார்ந்தான். வேலாத்தாள் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றி அதை அணைத்தாள். எரியாத பாதியை எழுத்துத் தெரிகிற மாதிரி ஒரு துணியில் சுற்றி இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"அர்த்தநாரிண்ணா" என்று கூப்பிட்டாள். "தாளும் பேனாவும் எடுத்துக்குங்க. பணிவன்புடன்னு மட்டும் எழுதீராதீங்க."

நான் செருப்பைத் தேடினேன். அவள் அதற்குள் ரோட்டுக்குப் போய்விட்டாள்.